கட்டிடம் எழும் இடத்தில் ஒரு தொட்டில்

கூலிக்குப் போகும் தாயின் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

காலை எட்டரை மணி. மும்பைப் புறநகரில் அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. ஜல்லி கொட்டும் ஓசை. கம்பி வெட்டும் ஓசை. லாரிகளின் இரைச்சல். சித்தாள் பெண்கள் தலையில் சும்மாடு வைத்துச் சாந்துச் சட்டி தூக்கத் தயாராகிறார்கள்.

அவர்களில் ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு வேகமாக நடந்து வருகிறாள். கட்டிடத்தின் ஓரமாக ஓர் அறை. அதன் வாசலில் நிற்கும் ஆசிரியையிடம் குழந்தையைக் கொடுக்கிறாள். குழந்தை ஒரு கணம் சிணுங்குகிறது. உள்ளே தொங்கும் தூளியையும், தரையில் விளையாடும் மற்றக் குழந்தைகளையும் பார்த்ததும் அழுகை நின்றுவிடுகிறது. தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

இந்த அறை இல்லாத இடங்களில் அதே குழந்தை எங்கே இருக்கும்? மணற்குவியலின் நிழலில், பழைய சாக்கின் மேல் கிடக்கும். கொஞ்சம் பெரிய குழந்தையானால் தவழ்ந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகும். நடக்கத் தெரிந்த குழந்தையானால் லிப்டுக்கு விட்ட பள்ளத்தை எட்டிப் பார்க்கும். தாயின் கண் மேலே சாரத்தில் இருக்கும். மனம் கீழே மண்ணில் இருக்கும்.

மும்பைக்கு மண்ணும் கல்லும் சுமக்க வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. நாக்காவில் காலையில் கூலிக்காக நிற்கும் கூட்டத்தில் தமிழ்க் குரல் கேட்டவர்கள் பலர். அப்படி வந்த குடும்பங்களுக்கு மாமியார் பக்கத்தில் இல்லை. அத்தை பக்கத்தில் இல்லை. ஊரில் என்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி பத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். இங்கே பக்கத்துக் கோலியில் இருப்பவளும் வேலைக்குப் போய்விடுகிறாள்.

அந்தக் கிழவியின் இடத்தை நிரப்பப் பல காலமாகச் சில தொண்டு நிறுவனங்கள் பாடுபட்டு வருகின்றன. அவற்றின் கதை, வேலைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டியது.

காந்தி கண்காட்சியில் பிறந்த கூடாரம்

1969-ம் ஆண்டு. மகாத்மா காந்தியின் நூற்றாண்டு. டெல்லியில் ராஜ்காட் அருகே காந்தி கண்காட்சிக்காகக் கட்டிட வேலை மும்முரமாக நடந்தது. அங்கே சென்ற மீரா மகாதேவன் என்ற பெண்மணியின் கண்ணில் ஒரு காட்சி பட்டது. தாய் கல் சுமந்துகொண்டிருந்தாள். அவள் குழந்தை வெயிலில் மண்ணில் கிடந்தது.

ஏழைகளுக்காக வாழ்ந்தவரின் நினைவுக்குக் கட்டிடம் எழுகிறது. அதைக் கட்டும் ஏழையின் குழந்தைக்கு நிழல் இல்லை! மீரா மகாதேவன் பேசாமல் திரும்பிப் போகவில்லை. அங்கேயே ஒரு கூடாரம் போட ஏற்பாடு செய்தார். குழந்தைகளை அதில் கொண்டுவந்து வைத்தார். இப்படித்தான் ‘மொபைல் கிரெச்சஸ்’ என்ற நிறுவனம் பிறந்தது. அதாவது, நடமாடும் குழந்தைகள் காப்பகம்.

பெயரில் ‘நடமாடும்’ என்று இருப்பதற்குக் காரணம் உண்டு. கட்டிடம் முடிந்தால் தொழிலாளர்கள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். காப்பகமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். தூளி, பாய், பலகை, பாத்திரம், பொம்மை எல்லாம் அடுத்த கட்டிடத்துக்குப் போகும். டெல்லியில் தொடங்கிய இந்தப் பணி 1972-ல் பம்பாய்க்கு வந்தது. பிறகு புனேயிலும் வேரூன்றியது. மும்பையில் இன்று அது ‘மும்பை மொபைல் கிரெச்சஸ்’ என்ற பெயரில் நடக்கிறது.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

காப்பகம் என்றதும், குழந்தைகளை ஓர் அறையில் அடைத்து வைத்து ஓர் ஆயா காவல் இருப்பாள் என்று சிலர் நினைக்கலாம். அப்படி அல்ல.

குழந்தைகளை வயதுப்படி பிரிக்கிறார்கள். கைக்குழந்தை முதல் மூன்று வயது வரை ஒரு பிரிவு. இவர்களுக்குத் தூளியும் பாயும் பாலும் வேண்டும். மூன்று வயதுக்கு மேல் ஆறு வயதுக்குள் ஒரு பிரிவு. இவர்களுக்குப் பாட்டு, கதை, வண்ணக் கட்டைகள், களிமண். அதற்கு மேற்பட்டவர்கள் மூன்றாவது பிரிவு. இவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்து, பக்கத்தில் உள்ள பள்ளியில் சேர்த்துவிடுவதுதான் நோக்கம்.

காலையில் வந்ததும் முகம் கழுவி, தலை வாரிவிடுகிறார்கள். நகம் வெட்டுகிறார்கள். வேளாவேளைக்குச் சத்தான உணவு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தாய் வேலையின் நடுவே வந்து போகலாம். குழந்தைகளை எடை போட்டு எழுதி வைக்கிறார்கள். எடை ஏறவில்லை என்றால் அந்தக் குழந்தைக்குத் தனிக் கவனிப்பு. டாக்டர் வந்து பார்க்கிறார். தடுப்பூசி போட ஏற்பாடு செய்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து தாய் வரும் வரை குழந்தை அங்கேயே இருக்கும்.

குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது என்பதையும் இவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். மாலையில் குழந்தை குடிசைக்குத்தானே திரும்புகிறது? ஆகவே தாய்மார்களைக் கூட்டிப் பேசுகிறார்கள். பேதி கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது எப்படி, ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு என்ன ஊட்டலாம் என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். நாடகம் போட்டும் காட்டுகிறார்கள்.

மூன்று வயதுக்குள் இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்கலாம். மூன்று வயதில் குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதனின் மூளை அளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. அந்த நாட்களில் வயிற்றுக்குச் சோறும், காதுக்குப் பேச்சும், கைக்கு விளையாட்டும் கிடைக்க வேண்டும். கிடைக்காமல் போன நாட்களைப் பின்னால் பள்ளிக்கூடத்தில் ஈடுகட்டுவது மிகவும் கடினம்.

படிப்பை இழக்கும் அக்கா

காப்பகத்தில் தூளி ஆடினால் பலன் பெறுவது தூளியில் இருக்கும் குழந்தை மட்டும் அல்ல. அதன் அக்காவும்தான்.

“மூத்தவ இருக்கா, அவ பாத்துக்குவா” என்று தாய்மார்கள் சொல்வதை எல்லாக் குடிசைப் பகுதியிலும் கேட்கலாம். அந்த ‘மூத்தவ’ளுக்கு வயது ஏழு இருக்கும், எட்டு இருக்கும். இடுப்பில் தம்பியைச் சுமந்து சுமந்து அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடப்பாள். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது அவள் தம்பிக்குப் பால் ஆற்றிக்கொண்டிருப்பாள். அவளை யாரும் அடித்து நிறுத்தவில்லை. ‘இன்றைக்கு மட்டும்’ என்று நிறுத்தினார்கள். அந்த ‘இன்றைக்கு’ முடியவே இல்லை.

ஒரு காப்பகம் திறந்தால் ஒரு கைக்குழந்தை காப்பாற்றப்படுகிறது. ஒரு தாயின் கூலி நிலைக்கிறது. ஒரு சிறுமி பள்ளிக்குப் போகிறாள். செலவு ஒன்று, பலன் மூன்று.

பம்பாயின் பழைய கதை

இது புதிய பிரச்சினை அல்ல. பம்பாயில் பஞ்சாலைகள் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே இருந்தது.

1921-22-ல் பம்பாய் அரசு, ஆலைத் தொழிலாளப் பெண்களின் பிரசவ நிலைமையை ஆராய டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவரை நியமித்தது. அவர் சால்களுக்குப் போய்ப் பார்த்தார். ஆலைக்குப் போகும் தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் கைக்குழந்தைகளுக்கு அபின் கொடுப்பதைக் கண்டார். குழந்தை அழாமல் தூங்க வேண்டும். தாய் ஆலைச் சங்குக்கு ஓட வேண்டும். அதற்காக ஒரு சிறு உருண்டை அபின். பெற்ற தாய்க்குப் பாசம் இல்லாமல் இல்லை. அவளுக்கு வேறு வழி இல்லை.

தொழிலாளப் பெண்ணின் பிரசவ ஓய்வு பற்றிய மசோதா 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை என்பது அவர் வாதம். 1929-ல் அது சட்டம் ஆயிற்று. நாட்டில் பிற பகுதிகளுக்கு வழிகாட்டியது பம்பாய்தான்.

பால்வாடியில் ‘பால்’ எங்கே?

நம் ஊரில் ‘பால்வாடி’ என்றால் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல் பிறந்தது இந்தப் பக்கத்தில். ‘பால்’ என்றால் பாலன், குழந்தை. ‘வாடி’ என்றால் தோட்டம். குழந்தைகள் தோட்டம் என்பதே பொருள்.

‘அங்கன்வாடி’யின் பிறப்பிடமும் மும்பைக்குப் பக்கத்தில்தான். மேற்கு ரயில்வேயில் டஹாணு ரோடு, கோல்வட் என்ற நிலையங்கள் உண்டு. கோல்வட்டில் இறங்கினால் போர்டி என்ற கடலோர ஊர். அதன் உட்பகுதியில் கோஸ்பாட் என்ற குன்று. சுற்றிலும் வார்லி ஆதிவாசிகளின் குடிசைகள். அங்கே குழந்தைகளுக்காகத் தம் வாழ்வையே கொடுத்தவர் தாராபாய் மோடக். அவருக்குத் துணையாக நின்றவர், இளம் வயதிலேயே கணவனை இழந்த அனுதாய் வாக்.

பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தார்கள். ஆதிவாசிக் குழந்தைகள் வரவில்லை. பெரிய பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனார்கள். சிறிய பிள்ளைகள் அவர்களை விட்டு வரமாட்டார்கள். “வராவிட்டால் விட்டுத் தள்ளு” என்று தாராபாய் சொல்லவில்லை. குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்றார். குடிசை முற்றத்திலேயே பாட்டும் கதையும் தொடங்கின. முற்றத்துக்கு மராத்தியில் ‘அங்கண்’ என்று பெயர். அதுவே அங்கன்வாடி. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள்களுக்குப் பதிலாகக் கூழாங்கல், இலை, கிளிஞ்சல், விதை இவற்றையே கருவிகளாக்கினார்கள்.

தாராபாய் மோடக்குக்கு 1962-ல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. அனுதாய் வாக்குக்கு 1985-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தாராவியில் தொடங்கிய திட்டம்

தனியார் தொண்டாக இருந்தது பிறகு அரசுத் திட்டம் ஆயிற்று. இதில் ஒரு தமிழ்ப் பெண்மணியின் பங்கு பெரியது. பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய மத்திய அரசு அமைத்த குழு, 1972-ல் அறிக்கை கொடுத்தது. அதன் தலைவர் மீனா சுவாமிநாதன். ‘வாசவேஸ்வரம்’ நாவலை எழுதிய கிருத்திகாவின் மகள். விவசாய விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி. 2022-ல் காலமானார்.

1975 அக்டோபர் 2-ம் தேதி ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று நம்மவர்கள் திரளாக வாழும் தாராவி! சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவையானால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்குச் சுகாதார அறிவுரை என்று ஆறு சேவைகள் அதில் அடங்கும்.

ஆனால் ஒரு குறை அன்றும் இருந்தது; இன்றும் இருக்கிறது. அங்கன்வாடி சில மணி நேரமே நடக்கும். தாயின் வேலையோ மாலை வரை. மேலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துப் போகும் உணவுப் பொட்டலம் கிடைக்கும். நாள் முழுவதும் இருக்க இடம் கிடைக்காது. இந்தக் குறையைப் போக்க ‘பால்னா’ என்ற திட்டத்தை 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்தது. பால்னா என்றால் தொட்டில். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்துவது இதன் நோக்கம்.

தாராவிக்காரர்களுக்குச் சயான் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 1989-ல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. குறைமாதத்தில் பிறந்து, தாயிடம் பால் கிடைக்காத குழந்தைகளுக்கு மற்றத் தாய்மார்கள் கொடுத்த பால் உயிர் காத்தது. குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு காப்பாற்றுவதைவிட, வீட்டிலேயே நோய் வராமல் தடுப்பது நல்லது என்பது அவருக்கு விளங்கியது. 1999-ல் ‘ஸ்நேஹா’ என்ற தொண்டு நிறுவனத்தை ஏற்படுத்தினார். அதன் ஊழியர்கள் தாராவி போன்ற பகுதிகளில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது; கணக்கில் பெயர் இல்லை

கட்டிடத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் ஒரு சட்டம் வந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது அது. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன?

கட்டிட வேலைக்குப் பல இடங்களில் கணவன் மனைவியை ஜோடியாகவே முகாதம் கூட்டி வருகிறான். கூலி கணவன் பெயரில் எழுதப்படுகிறது. மனைவி அதே கல்லைச் சுமக்கிறாள். மஸ்டர் ரோலில் அவள் பெயர் இல்லை. கணக்குப்படி அங்கே பெண்களே இல்லை! பெண்களே இல்லாத இடத்தில் குழந்தைக்கு அறை எதற்கு? சில முதலாளிகளோ, எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

2017-ல் பிரசவ நலச் சட்டம் திருத்தப்பட்டபோது நல்ல மாற்றம் ஒன்று வந்தது. ஐம்பது ஊழியர்கள் இருந்தால் காப்பகம் வேண்டும். ஆண், பெண் எல்லோரையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்றது அத்திருத்தம். தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் கூறியது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த விதி இடம்பெற்றது. பழைய சட்டங்களை ஒன்றாக்கிய இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு உரிமை பலருக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நாற்பது பேராவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடிசைப் பகுதியினர் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்பதே அது. கேட்டால்தான் கிடைக்கும். கேட்க, நாலு வீட்டார் சேர்ந்து ஒரு மனு எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் இந்த நகரத்தில் குறைவா? அரை மணி நேரம் ஒதுக்கி அந்த மனுவை எழுதிக் கொடுத்தால், அது பெரிய புண்ணியம்.

குமாஸ்தா வீட்டுக் குழந்தை

இது கூலிக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. டோம்பிவிலியிலும் கல்யாணிலும் இருந்து காலை லோக்கலைப் பிடித்துக் கணவனும் மனைவியும் ஆபீசுக்கு ஓடும் குடும்பங்கள் எத்தனை! குழந்தையைப் பக்கத்துக் கட்டிடத்துப் ‘பாள்ணாகரி’ல் விடுகிறார்கள். அல்லது ஊரில் பாட்டியிடம் விட்டுவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் போகும்போது, குழந்தை பாட்டியை ‘அம்மா’ என்று கூப்பிட்டு, பெற்றவளைக் கண்டு பாட்டியின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த வேதனை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாள்ணாகரில் விடுகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறாள்? சமையல் அடுப்பு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா? ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா? சொல்லாமல் ஒரு நாள் நடுப்பகலில் போனால் உள்ளே விடுகிறார்களா? குழந்தை பகல் முழுவதும் தூங்கியே கிடக்கிறதா, விளையாடுகிறதா? கட்டணம் குறைவு என்பதை மட்டும் பார்க்கக் கூடாது.

ஊர் விட்டு ஊர் வருகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று, தாய் சேய் அட்டை. எந்தத் தடுப்பூசி போட்டாகிவிட்டது, எது பாக்கி என்பது அதில்தான் இருக்கும். பிறந்தவுடன் ஒரு தடவை, பிறகு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில், ஒன்பது மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதை ஒட்டி, ஐந்து வயதில். மாநகராட்சி, அரசு மையங்களில் எல்லாம் இலவசம். எந்த மாநிலத்துக் குழந்தை என்று பார்ப்பதில்லை. டிரங்குப் பெட்டியில் ரயில் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் அந்த அட்டையும் இருக்கட்டும்.

கட்டிட வேலை செய்வோர் ஆண்டில் 90 நாள் வேலை பார்த்திருந்தால் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். கணவன் பெயரோடு நிறுத்திவிடாமல், மனைவியும் தன் பெயரைத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கணக்கில் பெயர் ஏறினால்தான் குழந்தைக்கு அறை கேட்க முடியும்.

மாலை ஆறு மணி. கட்டிடத்தில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. சாந்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலையில் வந்த தாய் திரும்பி வருகிறாள். கை கால் கழுவிக்கொண்டு குழந்தையை வாங்குகிறாள். குழந்தை கையில் கசங்கிய காகிதம் ஒன்று. அதில் சிவப்பு வண்ணத்தில் அதன் கைத்தடம்.

இன்னும் சில மாதங்களில் இந்தக் கட்டிடம் முடிந்துவிடும். பளபளக்கும் வீடுகளில் யார் யாரோ குடிவருவார்கள். அவளும் குழந்தையும் அடுத்த கட்டிடத்துக்குப் போவார்கள். அங்கே ஓர் அறையும் தூளியும் இருக்குமா? அந்தக் கேள்வியோடுதான் அவள் மூட்டையைக் கட்டுவாள்.